இலவச மின்னஞ்சலில் எதை நம்பலாம்? திருநகர்க்காரருக்கு ஒரு பதில்

திருநகரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 16 ஆண்டுகளாக வைத்திருந்த மின்னஞ்சல் போன மாதம் திறக்க மறுத்துவிட்டது. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடிபியைப் பழைய எண்ணுக்குத்தான் அனுப்புவேன் என்று அடம்பிடிக்கிறது. அந்த எண்ணை நீங்கள் விட்டு வெகுநாளாகிறது. வெறுத்துப்போய்ப் புதிதாக ஒன்று தொடங்க நினைக்கிறீர்கள். காசு கட்டாமல் நம்பி வைத்துக்கொள்ள எது நல்லது, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் மகளுக்கும் அதே முகவரி போதுமா, வீட்டில் நடத்தும் சுங்குடிச் சேலை வியாபாரத்துக்கும் அதையே கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்வதென்றால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரு கடிதமும் தொலையவில்லை. 16 வருடக் கடிதங்களும் அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. உங்களால் உள்ளே போக முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே, இன்னொரு முறை என்னை வாசலில் நிறுத்தாத மின்னஞ்சல் எது என்று நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. சிம்மக்கல் பக்கம் 2001-இல் 6 கணினிகளோடு பிரவுசிங் சென்டர் தொடங்கினேன். மணிக்கு 30 ரூபாய், இடுப்பு உயரப் பலகைத் தடுப்பு, காலுக்கடியில் யுபிஎஸ் பேட்டரியின் சூடு. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு என்று ஓடுகிறது. நான் கணினிப் பொறியியல் படித்தவன் அல்ல. சர்வர் அறைக்குள் நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். மேசைக்கு எதிரே நிற்கிற மனிதருக்கு நடப்பதைத்தான் 20 வருடத்துக்கு மேலாக நேரில் பார்த்திருக்கிறேன். பின்னதில் அடித்துப் பேசுவேன். முன்னதில் நிறுவனங்கள் தாங்களே வெளிப்படையாக அறிவித்ததைத் தாண்டிப் பேச மாட்டேன்.

என் பங்குக்கு ஒரு பாவத்தையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் காலத்தில் மெயில் ஐடி வேண்டும் என்று வருகிறவர்களுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு நாங்களே உருவாக்கிக் கொடுப்போம். கல்லாவுக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். பெயர், ஊர், ஐடி, கடவுச்சொல் என்று நான்கு கட்டங்கள். செல்லூர், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று ஊர் மட்டும் மாறும். கடவுச்சொல் எல்லோருக்கும் அவரவர் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று. உங்கள் செல்லப் பிராணியின் பெயர் என்ன என்று கேட்கும் பாதுகாப்புக் கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே பதில்: மணி. அது எங்கள் கடை வாசலில் படுத்திருந்த நாய். பிறகொரு நாள், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர் 9 வருடம் கழித்துக் கடையேறி, “அண்ணே, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது. அவர் பெட்டியும் திறந்தது. அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள சில நூறு வீடுகளின் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வாரமே நோட்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினேன். பழைய கணக்கு இப்படி ஏதாவது ஒரு கடையில் தொடங்கியது என்றால், அதில் மீட்பு எண்ணாக, அதாவது கணக்கு பூட்டிக்கொண்டால் ஓடிபி போகும் எண்ணாக, அந்தக் கடைக்காரரின் எண்ணே இருக்க வாய்ப்பு உண்டு. இதை ஊகமாகச் சொல்லவில்லை. நானே அப்படிப் போட்டிருக்கிறேன்.

இனி நிறுவனங்களுக்கு வருவோம். வந்த கடிதத்தைத் தொலைக்காமல் காப்பதில் பெரிய நிறுவனங்கள் எல்லாமே தேறியவைதான். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய பெட்டிகள் காலியாகிவிட்டன. பயனாளர்களில் 0.02 சதவீதம் என்று கூகுள் கணக்குச் சொன்னது. தனியாகக் காந்த நாடாக்களில் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து அந்தக் கடிதங்களைத் திரும்ப ஏற்றினார்கள். 2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் சேவைகள் உலகம் முழுக்க முக்கால் மணி நேரம் போல நின்றுபோயின. நம் தெரு மின்தடை அதைவிட நீளம். கடிதம் தொலையாமல் இருப்பது ஒன்று, அது திருடு போகாமல் இருப்பது இன்னொன்று. யாகூவில் 2013-இல் நடந்த ஊடுருவலில் அப்போது இருந்த 300 கோடி கணக்குகளின் விவரங்களும் சிக்கின. அந்த முழு எண்ணிக்கை வெளியே வர 2017 ஆயிற்று. பெரிய பெயர் என்பதால் மட்டும் ஒன்றை நம்பிவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

சேவையையே நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளிடம் அது தந்த மின்னஞ்சல் முகவரி அச்சடித்த பில் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். 2008-இல் அந்த நிறுவனத்தின் பெயரே டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று மாறிவிட்டது. இந்தியாடைம்ஸ் தன் மின்னஞ்சல் சேவையை 2013-இல் நிறுத்திக்கொண்டது. இணைய இணைப்பு கொடுக்கிறவர் தரும் முகவரி, கல்லூரி தரும் முகவரி, வேலை பார்க்கும் இடம் தரும் முகவரி எல்லாம் இரவல் குடை மாதிரி. மழைக்குப் பிடித்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கையும் ஆதாரையும் அதன் கீழே நிறுத்தக் கூடாது.

முக்கிய முகவரிக்கு என் தேர்வு ஜிமெயில் அல்லது அவுட்லுக். இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பெரிய பேதம் இல்லை. ஹாட்மெயிலை சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கியது 1996 ஜூலை 4 அன்று. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. பிறகு பெயர் அவுட்லுக் ஆனது. ஆனாலும் இடையில் கைவிடாமல் வைத்திருப்பவர்களின் ஹாட்மெயில் முகவரி இன்றும் வேலை செய்கிறது. என் அளவுகோலில் நம்பகம் என்பது அதுதான்: உரிமையாளர் மாறினாலும் முகவரி செத்துப்போகாமல் இருப்பது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடம் தருவதாக அறிவித்தபோது, தேதியைப் பார்த்துவிட்டு இது முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. இன்று தருவது 15 ஜிபி. அஞ்சலுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவ், புகைப்படங்கள் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் பிரதியும் இப்போது அதே கணக்கில்தான் ஏறுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பாலமேட்டுப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். நேர்முகத் தேர்வுக்குத் தன்னோடு எழுதிய எல்லோருக்கும் அழைப்பு வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை என்று கலங்கிப்போய் வந்தான். கணக்கைத் திறந்தால் மேலே சிவப்புக் கோடு: இடம் தீர்ந்துவிட்டது, அஞ்சல் வராது. கடிதங்கள் எல்லாம் சேர்ந்து அரை ஜிபிகூட இல்லை. மிச்சம் முழுக்க வாட்ஸ்அப். வாடிவாசல் திறக்கிறது, காளை வருகிறது, திமிலைப் பிடிக்கிறார்கள். அலங்காநல்லூர், அவனியாபுரம், சொந்த ஊர் என்று மூன்று வருட ஜல்லிக்கட்டு அதில் இருந்தது. அழிக்க மனம் வரவில்லை அவனுக்கு. பென்டிரைவ் ஒன்றை வாங்கி அதில் ஏற்றிவிட்டு அழித்தோம். அவுட்லுக்கில் அஞ்சலுக்கு 15 ஜிபி, கோப்புகளை வைக்கும் ஒன்டிரைவுக்கு 5 ஜிபி என்று தனித்தனியாக இருப்பது ஒரு வகையில் நல்லது. ஆனால் கடிதத்தோடு வரும் கோப்புகள் 2023 முதல் அந்த 5 ஜிபியிலும் கணக்காகின்றன.

யாகூவில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் வைத்திருங்கள், புதிதாக வேண்டாம். 12 மாதம் திறக்காவிட்டால் பெட்டியைக் காலி செய்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று பழைய கதை: 2013-இல் நெடுநாள் பயன்படாத பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் விட்டுவிட்ட முகவரி இன்னொருவர் கைக்குப் போனால், உங்கள் வங்கி அனுப்பும் கடிதமும் அவருக்குப் போகும். ரெடிஃப்மெயிலுக்கும் இதே பதில்தான்: வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், புதிதாகத் தொடங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சோஹோவைப் பற்றிக் கேட்காமல் யாரும் கடையை விட்டுப் போவதில்லை. நம்மூர்க்காரர்கள், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறார்கள் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலே அவர்கள் தளத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் பெருமையைத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் அதில் எனக்குப் பிடித்தது வேறு: வருமானம், காசு கட்டிப் பயன்படுத்தும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது, இலவசக்காரர்களுக்கும் விளம்பரம் காட்டுவதில்லை. குறையும் சொல்ல வேண்டும். சொந்த டொமைனுக்கான, அதாவது நம் பெயரிலோ கடைப் பெயரிலோ வாங்கும் இணையப் பெயருக்கான, அவர்களுடைய இலவசத் திட்டத்தில் 5 பேருக்கு, ஆளுக்கு 5 ஜிபி. பிரவுசரிலும் அவர்களுடைய செயலியிலும் மட்டும்தான் பார்க்கலாம். வேறு மென்பொருளில் இறக்கிக்கொள்ள ஐமேப் வசதி கிடையாது. இரண்டாவது முகவரியாக ஒன்று வேண்டும் என்று பின்னால் சொல்லப் போகிறேன்; அதற்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

அந்தரங்கம்தான் முக்கியம் என்கிறவர்கள் புரோட்டான் மெயிலைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்னில் சந்தித்துக்கொண்ட விஞ்ஞானிகள் 2014-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. கடிதங்களைப் பூட்டி வைப்பது உங்கள் கடவுச்சொல்லால்தான். அவர்களாலேயே படிக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால், மீட்புச் சொற்றொடர் போன்ற ஏற்பாட்டை முன்பே செய்து வைத்திருந்தால் ஒழிய, பழைய கடிதங்கள் உங்களுக்கும் பூட்டுதான். இலவசத்தில் இடம் 1 ஜிபி, ஒரு நாளைக்கு 150 கடிதங்கள், 12 மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் கணக்கு போய்விடலாம். போதாததற்கு 2025 ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் இதை இந்தியாவில் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அந்த வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும், வழக்கு வாசலில் நிற்கும் முகவரியை அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் எழுத நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் டூட்டாவும் இதே குணம் கொண்டது. அதில் 6 மாதம் திறக்காவிட்டாலே இலவசக் கணக்கு நீக்கப்படும்.

திறக்காமல் விடுவது என்றதும் சொல்லிவிடுகிறேன். கூகுளிலும் 2 வருடம் எதற்குமே பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அன்றாடம் திறக்கும் கணக்குக்கு இது பொருட்டில்லை. ஓரமாகக் கிடக்கும் இரண்டாம் கணக்குதான் இதில் மாட்டும். எங்கள் வீட்டில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எல்லா உபரிக் கணக்குகளையும் ஒரு முறை திறந்து மூடுவது வழக்கம். விடியற்காலையில் வைகைக் கரையில் நின்றுவிட்டு வந்து, பொழுது போகாமல் படுத்திருக்கும் மத்தியானத்தில் இதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்கிறது?

இப்போது சாவிக்கு வருகிறேன். இலவச மின்னஞ்சலில் உங்களுக்காகப் போனை எடுக்க மனிதர் இல்லை. ஆதார் கார்டைக் காட்டி நான்தான் இவர் என்று நிரூபிக்க மதுரையில் ஒரு கிளை அலுவலகமும் இல்லை. நீங்கள்தான் நீங்கள் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரிவது, நீங்கள் முன்பே பதிந்து வைத்த எண்ணாலும் இன்னொரு மின்னஞ்சலாலும்தான். நம் ஊரில் எண் என்பதே நிலையில்லாதது. சலுகைக்காக ஒரு சிம், ஊருக்குப் போனால் சிக்னல் கிடைக்கவில்லை என்று இன்னொன்று. 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். முடக்கி இன்னொரு 90 நாள் போனபின் அது புதியவருக்குக் கொடுக்கப்படலாம். அதாவது, ரீசார்ஜ் செய்ய மறந்த ஒரு சிம் அரை வருடத்தில் உங்கள் மின்னஞ்சலின் சாவியை முகம் தெரியாத ஒருவர் சட்டைப் பையில் போட்டுவிடும். சிம்மை மாற்றும் நாளில் முதல் வேலை மின்னஞ்சலில் மீட்பு எண்ணை மாற்றுவது. பழைய சிம் கையில் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். கூகுளில் மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப அது முன்வரலாம். அதனால் ஒரு வாரம் பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது முகவரி இதற்காகத்தான். முக்கியமானது ஜிமெயில் என்றால் மீட்பு முகவரி சோஹோவிலோ அவுட்லுக்கிலோ இருக்கட்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால், ஒரு பூட்டு விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். அடுத்தது, பெரும்பாலானவர்கள் கேள்விப்படாதது: கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் கூகுள் 10 காப்புக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். போன் தொலைந்தாலும் சிம் போனாலும் அந்தக் குறியீட்டையும் கடவுச்சொல்லையும் வைத்து உள்ளே போகலாம். மைக்ரோசாஃப்ட்டில் 25 எழுத்தில் ஒரே மீட்புக் குறியீடு. இதைப் போனில் படம் பிடித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போலத்தான். தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பையில் வையுங்கள். நீல நோட்டை அழித்தவன் தாளில் எழுதச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். அந்த நோட்டு என் கடை ஆணியில் தொங்கியது. இந்தத் தாள் உங்கள் பீரோவில் இருக்கப் போகிறது.

மகளுக்குத் தனிக் கணக்கு, அவள் பெயரிலேயே உள்ள எண்ணோடு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவு 5 வருடத்துக்குச் செல்லும். சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு பற்றிய தகவல்கள் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வரும். இடையில் அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகலாம், நீங்கள் போனை மாற்றலாம். ஒருவர் ஓடிபிக்காக இன்னொருவர் பஸ்ஸில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நிலை வேண்டாம். விண்ணப்பத்தைக் கடையில் போட்டாலும் முகவரியும் எண்ணும் அவளுடையதாக இருக்கட்டும். அவசரத்துக்குக் கடைக்காரர் எண்ணைப் போட்டுவிட்டு வருகிறவர்களை இன்றைக்கும் வாரத்துக்கு ஒருவரைப் பார்க்கிறேன்.

முகவரிக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும்போது அதை வங்கிக் கவுன்டரில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அழகம்மாள் என்ற பெயரில் ழகரத்துக்கு இசட்-எச் போட்டீர்களா, எல் போட்டீர்களா என்று வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். அடிக்கோடு வேண்டவே வேண்டாம். எழுதிக்கொள்கிறவர் அதை இடைவெளி என்று எடுத்துக்கொள்வார். ஜிமெயிலில் புள்ளியை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், மற்ற இடங்களில் அப்படி இல்லை. தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த வசதி 2016 முதலே இந்தியாவில் இருக்கிறது, ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று கொண்டுவந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் விண்ணப்பப் படிவங்கள் பலவும் அதைச் செல்லாத முகவரி என்று திருப்பிவிடுகின்றன.

சுங்குடி வியாபாரத்துக்கு இன்னொரு தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையிலும் பில்லிலும் அட்டையிலும் போகிற முகவரிக்கு ஊர்ப்பட்ட குப்பைக் கடிதம் வரும். வங்கியோடு பேசும் முகவரியில் அது கலக்கக் கூடாது. வியாபாரம் வளர்ந்தால் கடைப் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்கி, மேலே சொன்ன சோஹோ இலவசத் திட்டத்தில் இணைக்கலாம். நாளை சோஹோ பிடிக்கவில்லை என்றால் முகவரியை மாற்றாமல் வேறு இடத்துக்குப் போய்விடலாம்; நிறுவனத்தின் பெயரோடு வரும் இலவச முகவரியில் இந்தச் சுதந்திரம் கிடையாது. டொமைனுக்கு மட்டும் ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும். கட்ட மறந்தால் அந்தப் பெயர் விற்பனைக்குப் போய்விடும், வாங்கியவருக்கு உங்கள் அஞ்சலும் போகும். ரீசார்ஜ் செய்ய மறந்த சிம்மின் கதைதான் அங்கேயும்.

இவ்வளவும் செய்தால் இனிப் பூட்டே விழாதா என்றால், அப்படி உறுதி கொடுக்க என்னால் முடியாது. நிறுவனங்கள் எதை வைத்துச் சந்தேகப்படுகின்றன என்பதை முழுதாக வெளியே சொல்வதில்லை. சொன்னால் திருடனும் படித்துவிடுவான். எனக்கே ஒரு கணக்கு அப்படிப் போயிருக்கிறது. கடை மாடியை வெள்ளையடித்த வாரம் வேறொரு இடத்திலிருந்து திறந்தேன். பூட்டியது பூட்டியதுதான், இன்றுவரை காரணம் தெரியாது. அதனால்தான் வருடத்துக்கொரு முறை முக்கியக் கடிதங்களின் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜிமெயிலில் டேக்அவுட் என்ற வசதியில் மொத்தத்தையும் இறக்கலாம். இன்னொன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பூட்டிய பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். இலவச மின்னஞ்சலைத் திறந்து கொடுப்பதாகப் போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் அந்த நிறுவனத்து ஆள் அல்ல. உங்கள் போன் திரையைத் தனக்குக் காட்டும் செயலியை இறக்கச் சொல்வார், அடுத்தது வங்கிக் கணக்குதான். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக உங்கள் பழைய கணக்கு. அதை இன்னும் கைவிட வேண்டாம். எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் முதலில் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போனை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். அதில் கணக்கு இன்னும் திறந்தபடி இருந்தால், எதையும் வெளியேற்றாமல் அங்கிருந்தே மீட்பு எண்ணை மாற்றப் பாருங்கள். இல்லையென்றால், வழக்கமாகப் பயன்படுத்திய அதே கருவி, அதே பிரவுசர், அதே வீட்டு இணைப்பிலிருந்து மீட்பு முயற்சி செய்யுங்கள். கூகுளே தரும் அறிவுரை அது. எங்கள் கடை மாதிரி இடத்துக்கு வந்து முயன்றால் சந்தேகம் கூடத்தான் செய்யும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், கடவுச்சொல் கையில் இருப்பதால் பாதுகாப்பு விவரங்களை மாற்ற மனுப் போட்டுவிட்டு 30 நாள் காத்திருக்கும் வழி இருக்கிறது. பழைய எண் இன்னும் யாருக்கும் போகாமல் இருந்தால், சிம் நிறுவனத்தின் கடைக்கு ஆதாரோடு போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

போயிருந்தால்? மேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இதுதான் நடந்தது. எல்லா வழியும் அடைத்தபின், கடையில் உட்கார்ந்தபடியே தன் பழைய எண்ணுக்குத் தானே போன் செய்தார். எடுத்தது ஒரு இளைஞர், திண்டுக்கல்லில் மெக்கானிக்காம். இவர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, “டீச்சரா? ஓடிபி வந்திருக்கிறது டீச்சர், எழுதிக்கொள்ளுங்கள்” என்று படிக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும் கடையில் நான் வாய்பேசாமல் தட்டச்சு செய்தேன். பெட்டி திறந்தது, எண்ணையும் மாற்றினோம். அந்த எண் வேறு மாதிரி ஆளிடம் போயிருந்தால் இதே ஆறு இலக்கத்தை வைத்து என்ன செய்திருக்கலாம் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. இதை ஒரு வழியாக உங்களுக்குப் பரிந்துரைக்கவும் மாட்டேன், நடந்ததை மறைக்கவும் மாட்டேன். ஆசிரியை நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனார். அந்தப் பக்கத்திலிருந்து, “டீச்சர், ஒரு நிமிஷம். மகளிர் குழுவிலிருந்து ஒன்றரை வருடமாகத் தவணை கேட்டு எனக்குத்தான் போன் வருகிறது. அவர்களிடமும் எண்ணை மாற்றிச் சொல்லிவிடுங்கள்” என்றார்.